பத்தாவது ஆள்

துபாயில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் மும்பையிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பம் இருந்தது. அவர்கள் பையன் டேனி எங்கள் வீட்டிலேயே விளையாடி வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவான். அவனுக்குப் பதின்மூன்று வயது முடிந்தது. அந்த வயதில் பையன் சபை முன்னால் வேதம் வாசிக்க வேண்டும். பத்து யூத ஆண்கள் கூடினால்தான் வேதச் சுருளைத் திறப்பார்கள்.

எங்கள் பொங்கலுக்குப் பக்கத்து ஷார்ஜாவின் ரோலாவிலிருந்து மட்டும் ஒரு வேன் நிறைய ஆள் வரும். அவர்கள் ஆட்களிலோ, இஸ்ரேல் போர் தொடங்கியபின் பாதிப் பேர் ஊரை விட்டே போய்விட்டார்கள். மீதிப் பேர் வெளியே தலைகாட்டப் பயந்தார்கள். அன்று காலை அவர்கள் ஹாலில் டேனியையும் சேர்த்து ஒன்பது பேர்தான். லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். பொறுக்க முடியாமல், "நான் உக்காரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, முடியாது என்று தலையசைத்தார்.

மதியம், சுருளைத் திறக்காமலே பெட்டியில் வைத்தார்கள். டேனி என்னிடம் வந்தான்.

"இன்னிக்குத்தான் அங்கிள், என்னையும் ஒரு ஆளா எண்ணினாங்க. அப்பவும் ஒரு ஆள் குறையுது."

கொஞ்ச நாளில் டேனி குடும்பமும் ஊரை விட்டுப் போய்விட்டது. எதிர் ஃப்ளாட்டில் இப்போது வேறு குடும்பம். லிஃப்ட் திறந்தால் நான் மட்டும் இன்னும் வாசலைப் பார்க்கிறேன்.