புளியங்கொட்டைக்கு அசைந்த இரும்பு

உத்திராபதி மேஸ்திரியின் பட்டறையிலிருந்து பதினோரு வருஷத்தில் வெளியே போன கேட்டுகளில் பாதிக்கு மேல் ஜெயராணி கைபட்டவை. திருப்பாதிரிப்புலியூரில் டீக்கடை வரைக்கும் இது தெரியும். மேஸ்திரிக்கு மட்டும் தெரியாது. தெரியாதாவது ஒண்ணாவது! தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டால் அப்புறம் மரியாதை கொடுத்துத் தொலைக்க வேண்டுமே. ஒவ்வொரு கேட்டின் மூலையிலும் அவர் பெயரும் போன் நம்பரும் போட்ட தகடு இருக்கும். அந்தத் தகட்டையும் பற்ற வைத்தது அவள்தான்.

பொறுத்தது போதும் என்று நாற்பத்திரண்டாவது வயசில் ஒரு நாள் கிளம்பி வந்துவிட்டாள். செம்மங்குப்பத்தில், சிதம்பரம் போகிற ரோட்டு மேலேயே, பக்கிரியின் பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டாள். 'ஜெயராணி வெல்டிங் ஒர்க்ஸ்' என்று தன் கையாலேயே பெயின்ட்டில் எழுதினாள். வந்ததெல்லாம் என்ன? கால் ஒடிந்த கட்டிலும் காது போன இரும்பு வாளியும். கேட் செய்ய வருகிறவன் உள்ளே எட்டிப் பார்த்து, "மேஸ்திரி இல்லீங்களா?" என்பான். "நான்தான் மேஸ்திரி" என்றால், "அப்பறம் வரேங்க்கா" என்று வண்டியைத் திருப்புவான். அந்த அப்புறம் வரவே வராது.

புருஷன் கதிர்வேல் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். நல்ல மனுஷன். அவனே ஒரு நாள் சொல்லிவிட்டான்.

"பொங்கல் வரைக்கும் பாரு ராணி. அதுக்குள்ள உருப்படியா ஒரு வேல வரலன்னா மேஸ்திரிகிட்டயே போயிடு. நீ ரோட்டப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கறத என்னால பாக்க முடியல."

"சரி மாமா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுபடி அந்தப் பட்டறைக்குப் போய், அந்த ஆள் முன்னால் நிற்பதா?

மார்கழி பிறந்ததும் சபாபதி சாரின் பைக் பஞ்சரானது. ரிட்டயரான பி.டி. வாத்தியார், சிதம்பரத்துக்கு வெளியே ஒரு ரைபிள் கிளப் நடத்துகிறவர். பக்கிரி டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கண் போர்டு மேல் விழுந்தது. உள்ளே வந்தார்.

"ஏர் ரைபிள்ல சுட்டுப் பழகறதுக்கு இரும்புல டார்கெட் வேணும்மா. பேப்பர்லயே சுட்டுச் சுட்டு எல்லாருக்கும் போரடிச்சுப் போச்சு. குண்டு பட்டா ஆடணும், சத்தம் கேக்கணும், தானா பழையபடி நேரா நிக்கணும். பட்ட குண்டு சுடறவங்க மேல திரும்பி வரக் கூடாது. மொத்தம் பன்னெண்டு. உத்திராபதிகிட்டயும் சொல்லியிருக்கேன். ஆளுக்கு ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வாங்க. எது நல்லா ஆடுதோ அதுக்குத்தான் ஆர்டர்."

ஜெயராணிக்குத் தலைகால் புரியவில்லை. நாலே நாளில் செய்து முடித்தாள். எட்டு எம்.எம். தகடு, ஆங்கிள் இரும்பில் சட்டம், யானையைக் கட்டலாம் போல ஒரு சங்கிலி. கதிர்வேலும் அவளுமாகத் தூக்கிப் போய் கிளப்பில் வைத்தார்கள். சபாபதி சார் சுட்டார். 'டங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தகடு இம்மிகூட அசையவில்லை.

சார் உள்ளங்கையில் ஒரு ஈய குண்டை வைத்துக் காட்டினார். கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிசு. "அர கிராம்தாம்மா இது. நீ வாசல் கேட் செஞ்சு வச்சிருக்க. பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் தரேன்."

சரியாகத்தான் சொன்னார். திருடன் உடைக்கக் கூடாது, மாடு முட்டினால் வளையக் கூடாது என்று பதினோரு வருஷமாக அசையாத இரும்பைச் செய்து பழகிய கை அது. கனமாக இருந்தால்தான் வேலை சுத்தம் என்று அந்தக் கை நம்பிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரே ரகளைதான். தகட்டை மெலிசாக்கினால் டப்பா மாதிரி சொட்டை விழுந்தது. சங்கிலியை நீட்டினாள், குறைத்தாள், கம்பியில் தொங்கவிட்டாள். துப்பாக்கிக்கு எங்கே போவது? சமையல்கட்டிலிருந்து புளியங்கொட்டையை அள்ளி வந்து, கேரம் போர்டு காயைச் சுண்டுகிற மாதிரி தகட்டின் மேல் சுண்டிக்கொண்டிருந்தாள். தகடு அவளை மதிக்கவே இல்லை. ஒரு தடவை கோபம் வந்து கொட்டை மொத்தத்தையும் ரோட்டில் விசிறி அடித்தாள்.

"என்னாக்கா, ரோட்டுல புளியந்தோப்பு வைக்கப் போறியா?" என்றான் பக்கிரி.

திட்டலாம் என்று திரும்பியவள் கண் அவன் முன்னால் இருந்த சைக்கிளில் நின்றுவிட்டது. பக்கிரி ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கோட்டம் பார்க்க முன்சக்கரத்தைச் சுண்டிவிட்டிருந்தான். அது சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து, அப்படியும் இப்படியும் மெதுவாக ஊசலாடி, வால்வு அடியில் வந்ததும் நின்றது. ஜெயராணி போய் ஒரே விரலால் தொட்டாள். ஆடியது. மறுபடி வால்வு அடியில் வந்து நின்றது. அவ்வளவு பெரிய சக்கரம், அடியில் அந்தத் துளியூண்டு கனம்!

"பக்கிரி, பழைய ஹப்பு இருக்குதா?"

"எத்தினி வேணும்?"

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடே மறந்துபோனது. சக்கரத்தின் நடுவில் உருளுகிற அந்த சைக்கிள் ஹப்பைப் படுக்கவைத்து அச்சாக்கினாள். அதிலிருந்து மேலே ஒரு கம்பி, அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டத் தகடு. பட்ட குண்டு தரையில் விழட்டும் என்று அதன் முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்தாள். அடியில் இன்னொரு கம்பி, அதில் நட்டு நட்டாகக் கோத்துக் கனம் ஏற்றினாள். மேலே இருப்பதைவிட அடியில் ஒரு பொட்டு ஜாஸ்தி இருந்தால் போதும். கோத்து முடித்து ஒரு புளியங்கொட்டையைச் சுண்டினாள். தகடு பின்னால் சாய்ந்து, நிதானமாக எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது. ஜெயராணி போட்ட கூச்சலில் ரோட்டில் போன மினி பஸ்ஸே பிரேக் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப்பில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். உத்திராபதி மேஸ்திரி வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். அவருடைய டார்கெட் சிவப்பு, மஞ்சள் பெயின்ட்டில் தேர் மாதிரி ஜொலித்தது. கிளப்பில் நல்லாச் சுடுகிறவள் என்று பெயர் வாங்கிய கனிமொழி ஐந்து தடவை சுட்டாள். ஐந்தும் பட்டது. தகடு லேசாகச் சிலிர்த்ததோடு சரி.

"குண்டுல பவர் இல்லீங்க" என்றார் மேஸ்திரி.

ஜெயராணி தன்னுடையதை வைத்தாள். வயல்வெளிக் காற்று ஒரு வீசு வீசியது. யாரும் சுடாமலேயே தகடு சாய்ந்து ஒரு கும்பிடு போட்டது. கூட்டம் சிரித்தது.

"பேய் புடிச்ச டார்கெட்டு! இதுக்குத்தான் வேல தெரிஞ்சவன் செய்யணும்ங்கறது" என்றார் மேஸ்திரி சத்தமாக. கதிர்வேல் முகம் செத்துப்போனது.

ஜெயராணி டார்கெட் பக்கத்தில் போய்க் குனிந்தாள். கொட்டகைக்குள் வைத்துப் பார்த்தபோது காற்று ஏது? செய்தவளுக்குத் தெரியாதா எங்கே குறை என்று! பைக்குள் கைவிட்டு இரண்டு நட்டுகளை எடுத்தாள். அடிக்கம்பியில் ஒன்றைப் போட்டு முறுக்கினாள். காற்றுக்கு இன்னும் கொஞ்சம் தலையாட்டியது. இரண்டாவதையும் போட்டாள். நின்றது.

"இப்ப சுடும்மா" என்றாள் கனிமொழியிடம்.

முதல் குண்டு. 'டிங்.' தகடு பின்னால் சாய்ந்து, அடியில் போய், முன்பக்கமாக மேலே வந்து ஒரு முழுச் சுற்று சுற்றி, இரண்டு ஊசலாட்டத்தில் நேராக நின்றது. கூட்டத்தில் ஒருத்தன் விசிலடித்தான். இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது குண்டுக்கு எல்லோரும் சேர்ந்தே "டிங்!" என்று கத்தினார்கள். சபாபதி சார் ஓடிப்போய்த் தரையைத் துழாவி, நசுங்கிய குண்டுகளைப் பொறுக்கி வந்தார். ஐந்தும் தகட்டுக்கு அடியிலேயே கிடந்தன.

"பன்னெண்டும் ஜெயராணிக்குத்தான்" என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. கதிர்வேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்காமலே கைதட்டிக்கொண்டிருந்தான்.

கூட்டம் டீ குடிக்க நகர்ந்த பிறகு உத்திராபதி மேஸ்திரி தனியாக அந்த டார்கெட்டிடம் போனார். குனிந்து ஹப்பைப் பார்த்தார். ஒரு விரலால் தகட்டைத் தொட்டார். அது சாய்ந்து, ஆடி, நின்றது. இன்னொரு தடவை தொட்டார். அது மறுபடி ஆடி நிற்கும் வரைக்கும் பார்த்தார். பிறகு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஜெயராணி, இது எப்பிடி செஞ்ச?"

பதினோரு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"செஞ்சாத்தான் மேஸ்திரி புரியும், வாயால சொன்னா புரியாது" என்றாள் ஜெயராணி. "நாளைக்கு என் பட்டறைக்கு வாங்க. காட்டறேன்."