டேங்க்குக்குப் பின்னால் ஒரு வாளி

போன செவ்வாய்க்கிழமை காலை. மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புக்கு வருகிற அம்மா, கையில் டார்ச்சோடு எங்கள் மொட்டைமாடிக்கு ஏறி வந்தார். நான் தண்ணீர் டேங்க்கை மறைத்தபடி நின்றுகொண்டேன்.

காரணம் இருக்கிறது. மாடியில் அல்லித் தொட்டி வைத்திருக்கிறேன். மூன்று வாரம் முன்பு அதில் ஒரு ஜந்து. மெல்லிய உடம்பு, வால் நுனியில் இலை மாதிரி மூன்று மடல். இறால் குஞ்சு என்று முடிவே கட்டிவிட்டேன். மொட்டைமாடிக்கு இறால் எப்படி ஏறும் என்று யோசிக்க வேண்டாமா? கீழ்வீட்டுக் கஸ்தூரிதான் திருத்தினாள். நெட்டுக்குப்பத்துக்காரி. எண்ணூர் ஆற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பவள்.

"எறாவுக்கு பத்து காலுண்ணே. இதுக்கு ஆறுதான் கீது. ஊசித்தும்பிக் குஞ்சு. கொசுப்புழுவ துன்னும்."

தின்றது. கீழுதட்டைக் கை மாதிரி நீட்டி, ஒரே பிடி. இரண்டே நாளில் தொட்டியில் புழு காலி. ஆனால் அது தும்பியாகிப் பறப்பதை நான் பார்த்தாக வேண்டுமே... என்ன செய்தேன் தெரியுமா? டேங்க்குக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீரைத் திறந்தே வைத்தேன். நெளிய ஆரம்பித்த புழுக்களை டீ வடிகட்டியால் அள்ளிவந்து தினமும் போட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கஸ்தூரியின் மகளுக்கு மூன்றாவது நாளாகக் காய்ச்சல். டெங்குவா என்று பார்க்க அன்று காலைதான் ரத்தம் கொடுத்திருந்தார்கள்.

டார்ச் வெளிச்சம் தொட்டிக்குள் இறங்கியது. ஒரு புழு இல்லை.

"சுத்தமா வெச்சிக்கீறீங்க சார்," என்று நோட்டை எடுத்தார் அந்த அம்மா.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்தேன். ஆனால் அவர் பின்னாலேயே கஸ்தூரி வந்து படியில் நின்றாள்.

"எங்க வூட்ல ட்ரம்மு, கொடம் எல்லாத்தியும் மூடித்தான்க்கா வெச்சிக்கீறேன். எங்கேர்ந்துதான் கொசு வருதோ..."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"டேங்க்குக்குப் பின்னால ஒரு வாளி இருக்கும்மா," என்றேன்.

அந்த அம்மா போய் வாளியைக் கவிழ்த்தார். சுடுகிற தரையில் புழுக்கள் துள்ளின.

"இன்னாண்ணே இது?" என்று மட்டும் கேட்டாள் கஸ்தூரி. தும்பிக் குஞ்சுக்குத் தீனி என்று ஒப்புக்கொண்டேன்.

அன்று சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ரிசல்ட் வந்தது. டெங்கு இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை அல்லித் தண்டில் ஒரு காய்ந்த தோல். பக்கத்திலேயே ஊசித்தும்பி, சிறகை உலர்த்திக்கொண்டு. கஸ்தூரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஒண்ணுதானாண்ணே?" என்றாள்.

ஒன்றுதான். வாளியிலிருந்து எத்தனை கொசுக்கள் பறந்தன என்று அவள் கேட்கவில்லை.