டீக்கனின் விலாவில் ஒரு சாக்பீஸ் வட்டம்

வேட்டை வழிகாட்டி வெர்ல் ஹாட்லாக் தன் கோவேறு கழுதையின் முன்னங்காலை ஒட்டி, விலாவில், சாக்பீஸால் ஒரு சாண் அகலத்துக்கு வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். கழுதையின் பெயர் டீக்கன். பதினெட்டு வேட்டைப் பருவங்களாக இந்த வட்டத்தைச் சுமந்து சலித்த முகம் அதற்கு. அதன் மூக்குக்கு இரண்டடி தள்ளி ஓட்ஸ் வாளி இருக்கிறது.

எதிரே நிற்கும் பிரென்ட் மாக்ஸி டல்லாஸிலிருந்து எல்க் மான் வேட்டைக்கு வந்தவர். அவர் துப்பாக்கியின் மேலிருக்கும் தொலைநோக்கி, வெர்லின் முன்கை நீளம் இருக்கும்.

"எண்ணூறு கஜத்துல குறித்தட்டு ஒண்ணு விடாம அடிப்பேன் வெர்ல். வேணும்னா வீடியோ காட்டறேன்."

"அடிப்பீங்க தம்பி. தட்டு நடக்காதே." வெர்ல் வட்டத்துக்கு நேராகக் காற்றில் விரலை நீட்டுகிறார். "கையைத் தட்டுங்க, அது வெடி. அப்புறம் ஆறஅமர 'ஒண்ணு'ன்னு சொல்லுங்க. எண்ணூறு கஜத்துக்குக் குண்டு போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகும்."

பிரென்ட் தட்டுகிறார். "ஒண்ணு" என்கிறார். அதற்குள் டீக்கன் வாளியை நோக்கி ஓர் எட்டு வைத்துவிடுகிறது. வெர்லின் விரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு நேரே இப்போது இருப்பது கழுதையின் தொப்பை.

"நெஞ்சுக்குன்னு விட்டது வயித்துல. நீங்க நல்லாத்தான் சுட்டீங்க, அது நல்லாத்தான் நடந்துச்சு. இனி இது சாகறதுக்கு நாளைக்குச் சாயங்காலம் ஆகும். தேடிப் போறது யாரு? நானும் டீக்கனும்."

அப்படித் தேடிப் போன அனுபவம் அவருக்கு உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வாடிக்கையாளர் பெருமைக்காக வெகு தூரத்திலிருந்து சுட்ட எல்க். மூன்று நாள் தேடினார். கடைசியில் அண்டங்காக்கைகள்தான் இடத்தைக் காட்டின. அதைப் பற்றி யாராவது கேட்டால், ஒழுங்காகக் கட்டியிருக்கும் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்துவிடுவார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பரீட்சை. காலையில், காப்பி கண்ணில் படுவதற்கு முன்னால், வாடிக்கையாளர் கொட்டகை வரை ஓடிப் போய்த் திரும்பி, மூச்சு இரைக்க இரைக்க உட்கார்ந்து சுட வேண்டும். குறி, வெர்லின் மனைவி லியோரா ஆப்பிள் பை பலகாரம் சுடும் தகரத் தட்டு. குண்டு ஒன்றே ஒன்று. "எல்க்குக்கு உங்க முதல் குண்டுதான் தெரியும். ரெண்டாவது வர்றப்ப அது பக்கத்து மலையில நிக்கும்." பட்டால் மறுநாள் தட்டு ஐம்பது கஜம் தள்ளிப் போகும். கடைசியாகப் பட்ட தூரத்தை வெள்ளை டேப்பில் எழுதி, கன்னம் சாயும் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவிடுவார். அதற்கு மேல் ஒரு கஜம் போனாலும் அந்த முகாமில் சுடக்கூடாது. மாக்ஸிக்குக் கிடைத்தது இருநூற்றைம்பது. ஒரு பகல் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, இரவில் மூன்று தட்டு உருளைக்கிழங்கு சாப்பிட்டார்.

லியோராவுக்கு இதில் வேறு கவலை. "வீட்ல ஓட்டை இல்லாத தட்டு ரெண்டுதான் இருக்கு. வர்றவங்களுக்கு ஆப்பிள் பை வேணுமா, பரீட்சை வேணுமான்னு கேட்டுச் சொல்லு."

இந்த வருஷம் வெர்லுக்கே சீட்டு விழுந்தது. மலைச் செம்மறிக் கடா ஒன்றைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு. இருபத்தாறு வருஷம் விடாமல் விண்ணப்பம் போட்டுக் குலுக்கலில் கிடைத்தது. வயது அறுபத்து மூன்று. இனியொரு சீட்டு விழும்போது அவருக்கு மலையேற முழங்கால் இருக்காது. சேதி வந்த மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், வேலியில் ஒரு தட்டு தொங்குகிறது. கீழே லியோரா, கையைக் கட்டிக்கொண்டு.

"ஓடு" என்றாள்.

"நானா?"

"டீக்கனா சுடப் போவுது?"

ஓடினார். நூற்றைம்பதில் பட்டது, மறுநாள் இருநூறில் பட்டது. மூன்றாம் நாள் இருநூற்றைம்பதில் வேலிக்கம்பம்தான் செத்தது. லியோரா தன் உருண்டைக் கையெழுத்தில் 200 என்று எழுதி ஒட்டினாள். பூஜ்யங்களைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

பருவத்தின் கடைசி நாள் மத்தியானம், பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கப் பாறையில் கடா நின்றது. கொம்பு முழு வட்டம் சுற்றிக் கன்னத்துக்குத் திரும்பியிருந்தது. விலாவைக் காட்டிக்கொண்டு, ஏதோ படம் பிடிக்க வந்திருப்பார்கள் என்பதுபோல அசையாமல் நின்றது. லியோராவின் தம்பி டீ, தூரமானியைக் கண்ணில் வைத்தான்.

"முந்நூத்தி எழுபது மச்சான்."

வெர்ல் பாறையில் துப்பாக்கியைச் சாய்த்துக் கன்னத்தை வைத்தார். தொலைநோக்கியில் கடா அசை போடுவதுகூடத் தெரிந்தது. இறங்கி ஏற இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் ஒளிய ஒரு புதர்கூட இல்லை.

"காத்தே இல்ல" என்றான் டீ. "மூச்சும் இரைக்கல. இருபத்தாறு வருஷம் மச்சான். டீக்கன் வீட்ல தூங்குது. யாரு சாட்சி?"

"நீ இருக்கியே."

"நான் திரும்பி உக்காந்துக்கறேன்."

சொன்னபடி திரும்பியும் உட்கார்ந்துகொண்டான். வெர்லின் கட்டைவிரல் நகம் டேப்பின் ஓரத்தைச் சுரண்டியது. அவர் விரலை அனுப்பவில்லை, அதுவாகப் போனது. மூலை பிரிந்து எழும்பியது. கடா அங்கேயே நின்றது. நின்றது, நின்றது, பிறகு காரணமே இல்லாமல் முன்னால் ஓர் எட்டு வைத்தது.

வெர்ல் சத்தமில்லாமல் சிரித்தார். குண்டை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"வா, நடப்போம்."

இறங்கி ஏறினார்கள். கடா பாதி வழி வரை அவர்களை வேடிக்கை பார்த்துவிட்டு உச்சியைத் தாண்டிப் போனது. அது நின்ற பாறைக்குப் போய்ச் சேர்ந்ததும் டீ குனிந்து புழுக்கையைத் தொட்டுப் பார்த்தான். "இன்னும் சூடு இருக்கு மச்சான். இதையாவது சுவத்துல மாட்டு."

வீட்டு வாசலில் லியோரா முதலில் கணவனின் கைகளைப் பார்த்தாள். ரத்தம் இல்லை.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எவ்வளவு தூரம்?"

"முந்நூத்தி எழுபது" என்றான் டீ. "இருபது நிமிஷம் நின்னுச்சுக்கா. உன் தட்டுகூட அவ்வளவு ஒழுங்கா நிக்காது."

லியோரா சுவரில் மாட்டுவதற்காகத் துப்பாக்கியை வாங்கினாள். கட்டையில் அவள் கை நின்றது. டேப்பின் ஒரு மூலை சுருண்டு எழும்பியிருந்தது. பசையில் பாறைத் தூசி ஒட்டியிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

வெர்ல் கட்டைவிரலை நாக்கில் நனைத்து, அந்த மூலையில் வைத்து அழுத்தினார். அவள் பார்வையை எடுக்கும் வரை விரலை எடுக்கவில்லை.