தெருவுக்கே தெரிந்த கடவுச்சொல்

ராயபுரத்தில் அந்தத் தெருவில் ஒருவர் தும்மினால் நாலாவது வீட்டில் தைலத்தைத் தேடுவார்கள். அங்கே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டும் வாய் திறக்காத பிறவி ஃப்ளோரன்ஸ் ஒருத்திதான். அமெரிக்காவில் யாருக்குப் பித்தப்பையில் கல், யாருக்கு மூலம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அங்குள்ள டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் அடிப்பது அவள் வேலை. கேட்டதில் ஒரு சொல்லைக்கூட அவள் வாசலைத் தாண்ட விட்டதில்லை.

டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு வாங்கியவள். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஏஜெண்ட் ஆபீஸில் வெகுகாலம் குப்பை கொட்டினாள். அந்த ஆபீஸை மூடியபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அசரவில்லை. மருத்துவச் சொற்களை மனப்பாடம் செய்து இந்த வேலையைப் பிடித்தாள். புருஷன் சைமனுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. நல்ல மனுஷன், ஆனால் வாயில் ஒன்றும் நிற்காது. வீட்டில் காலையில் என்ன பேச்சு நடந்ததோ, அது மத்தியானத்துக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிடும். மகள் ஜானட் மஸ்கட்டில் நர்ஸ். அவள் விட்டுப்போன லேப்டாப்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவும் மகளும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதற்காகவே வீட்டில் வயர்லெஸ் மோடம் வைத்தார்கள்.

2009-ல், மழைக்காலம் முடிந்த கையோடு, வினை அந்த மோடம் வழியாக வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் இணைப்பை எல்லாம் கம்பெனி சோதிக்கப் போகிறதாம். வெளியாள் யாராவது அதில் நுழைந்திருந்தால் வீட்டு வேலை ரத்து. வேளச்சேரி ஆபீஸுக்குத்தான் வர வேண்டும். விடியுமுன்னே கம்பெனி வேன் வந்து நிற்கும்.

ஃப்ளோரன்ஸ் மணிக்கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேன் வரும் அந்த நேரத்தில்தான் சைமனின் படகு தெருமுனைக் கரையிலிருந்து கிளம்பும். கல்யாணமான நாளிலிருந்து, பிரசவ காலம் தவிர, கரையில் நின்று அவனை அனுப்பாமல் அவள் இருந்ததில்லை. வேலை போனாலும் சமாளிப்பாள். கரையில் நிற்காமல் அவளால் முடியாது.

சோதிக்க வந்தவர் பெயர் பகலவன். வியாசர்பாடிக்காரர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சைமனின் பைக்கை ஒரு பார்வை பார்த்தார். மேசைக்கு முன் உட்கார்ந்து மோடத்துக்குள் போனார்.

"இன்னாக்கா இது? உள்ள போறதுக்கே 'அட்மின்', 'அட்மின்'னு கடையில குடுத்த மாரியே கீது. உங்க ரெண்டு கம்ப்யூட்டர் போக இன்னும் ஆறு பேரு உள்ள குந்திகினு கீறாங்க."

"நான் பாஸ்வேர்டு போட்டுத்தான சார் பூட்டினேன்?"

"சொல்லாதீங்க. நானே போட்டுப் பாக்குறேன்." தன் லேப்டாப்பை எடுத்து எதையோ தட்டினார். திறந்துகொண்டது. "சமுத்திரத் தாரகை. அதானக்கா?"

அதுதான். சைமனின் படகுப் பெயர். படகில் முழ உயரத்துக்கு எழுதியிருக்கும். ஐஸ் பெட்டியில், பைக்கில், வாசல் நிலையில், ஜானட்டின் கல்யாணப் பத்திரிகையில்கூட அதே பெயர்தான். ஃப்ளோரன்ஸ் வெட்கத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பகலவன் சிரித்தாலும் இளக்காரமாகச் சிரிக்கவில்லை. மோடத்துக்குள் நுழையும் சொல்லை மாற்றிக் கொடுத்தார். பழைய பூட்டு முறையை எடுத்துவிட்டு உறுதியானதைப் போட்டார்.

"பாஸ்வேர்ட நீங்களே வச்சுக்குங்க, எனக்குக்கூடச் சொல்ல வேணாம். பேரு, தேதி, வண்டி நம்பரு எதுவும் கூடாது. நீளமா, ஒரு பேச்சு மாரி இருந்தா நல்லது. இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாததா இருக்கணும். வெள்ளிக்கிழமை வர்றேன். அன்னிக்கு என்னால தொறக்க முடியலன்னா, வூட்லயே வேல பாக்கலாம்னு எழுதிக் குடுக்குறேன்."

அவர் தலை மறைந்ததும் ஃப்ளோரன்ஸ் பக்கத்து வீட்டுத் தேவகிருபையிடம் போனாள். ஆறு பேரில் இரண்டு பேர் அந்த வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும்.

தேவகிருபைக்கு ஆச்சரியம். "அது பூட்டா? உங்க போட்டு பேரத்தான வச்ச? ஊருக்கே தெரிஞ்ச பேரு. நீ பூட்டினதே தெரியாதுக்கா எங்களுக்கு. ஏன், என் ஏடிஎம் நம்பர்கூட எங்க போட்டு நம்பருதான்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்மே யாரும் வரக்கூடாது தேவா. என் வேலைக்கே வேட்டு வச்சிரும்."

"நான் சொல்லி வைக்கிறேன். வந்தானுங்கன்னா முட்டியப் பேக்குறேன்."

ஃப்ளோரன்ஸ் கிளம்பவில்லை. "தேவா, என்னப் பத்தி உனுக்குத் தெரியாதது எதனா கீதா?"

தேவகிருபைக்கு முகம் சுண்டிவிட்டது. அக்கம்பக்கத்தில் இத்தனை காலம் இருந்தவளிடம் கேட்கிற கேள்வியா? கல்யாணத் தேதியைச் சொன்னாள். தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்குக் கை நடுங்கியதைச் சொன்னாள். ஜானட்டுக்காக வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டது, டைப்ரைட்டிங் மார்க்கு, மாமியார் சண்டையில் பட்டினி கிடந்தது, எதையும் விடவில்லை. கேட்கக் கேட்க ஃப்ளோரன்ஸுக்குப் பயமும் சந்தோஷமுமாக இருந்தது. தன்னை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷம். தனக்கென்று ஒரு சொல்கூட மிஞ்சாது போலிருக்கிறதே என்று பயம்.

வியாழக்கிழமை விடியுமுன் வழக்கம்போல் கரைக்குப் போனாள். சைமன் டீ குடித்துவிட்டு ஃப்ளாஸ்கைத் திருப்பித் தந்தான். படகைத் தள்ளினார்கள், இன்ஜின் பிடித்தது. அவள் உதடு தன்போக்கில் அசைந்தது. ஜெபமாலை சொல்கிறாள் என்றுதான் சைமன் நினைப்பான், கரையே அப்படித்தான் நினைக்கும். படகு அலையைத் தாண்டியபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாகத் தினமும் சொல்கிற ஒன்று, ஒருவர் காதிலும் விழாத ஒன்று, தன் வாயிலேயே இருக்கிறதே! வேகவேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்த பகலவன் வெகுநேரம் முட்டி மோதினார். பைக்கைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், மாதா படத்தைப் பார்த்தார். கடைசியில் லேப்டாப்பை மூடினார். "நீங்க வூட்லயே வேல பாக்கலாம்க்கா."

அன்றைக்கு ஃப்ளோரன்ஸ் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். எதற்கென்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சைமன் லேப்டாப்பைத் திறந்தான்.

"இன்னாமே இது, பாஸ்வேர்டு கேக்குது? நம்ம போட்டு பேரப் போட்டா எடுக்க மாட்டேங்குதே?"

ஃப்ளோரன்ஸ் வஞ்சிரத் துண்டுகளில் மசாலா தடவிக்கொண்டிருந்தாள். "இருய்யா, கைய கழுவிகினு வர்றேன்."

"புள்ள காத்துகினு கீது. நீ எழுத்தச் சொல்லு, நான் அடிக்கிறேன்."

அவள் கதவைப் பார்த்தாள். முழங்கையால் தள்ளிச் சாத்தினாள். பிறகு ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாகச் சொன்னாள். சைமன் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினான். திரையில் புள்ளிதான் விழுந்தது என்பதால் தட்டியதை வாய்விட்டுக் கூட்டிப் படித்துக்கொண்டான்.

"மீன்... இல்லாங்காட்டி... பரவால்ல..." விரல் அப்படியே நின்றது. "மீதியச் சொல்லு."

ஃப்ளோரன்ஸ் மசாலாக் கையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னாள்.

"நீ வந்துரு," என்று படித்து முடித்தான் சைமன்.

லேப்டாப்பை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"கரையில நின்னுகினு சொல்றது இதானா? நான் ஜெபமாலன்னு நெனச்சேன்."

"அதுவும் சொல்லுவேன். இது அதுக்கு மின்ன."

சைமனுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ நாள் வெறும் வலையோடு வந்து, இவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று படகிலேயே உட்கார்ந்திருந்தவன் அவன்.

உறுதிப்படுத்திக்கொள்ள அதையே இன்னொரு முறை அடிக்கச் சொன்னது லேப்டாப். ஃப்ளோரன்ஸ் முதல் எழுத்தைச் சொல்ல வாயெடுத்தாள். "வேணாம்" என்று தலையசைத்துவிட்டு அவனே தட்டினான். பரவால்லவுக்கு எத்தனை 'எல்' என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

ஜானட்டின் முகம் வந்தது. "ஏம்ப்பா இவ்ளோ நேரம்?"

"உங்கம்மா பாஸ்வேர்ட மாத்திட்டா கண்ணு."

"இன்னா வச்சுகீறாங்க?"

சைமன் மனைவியைப் பார்த்தான். அவள் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது," என்றான்.