உடனடி மாமா

என் தாயின் தம்பி நீர் வழங்கல் அலுவலகத்தின் கடிதப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தது இருபத்து மூன்றாம் வயதில், விலகியது நாற்பத்தாறில். எடுத்த விடுப்பு மொத்தம் பதினொரு நாள். பதவி உயர்வு பெறவில்லை. குளியலறைக்குள் நுழைந்தால் ஒரு மணி நேரம் கழித்தே வெளிவரும் அவருக்குக் குடும்பத்தில் 'உடனடி மாமா' என்று பெயர். காரணம், 'ஃபோர்த்வித்' என்னும் ஆங்கிலச் சொல்.

'உடனே, கணமும் தாமதியாமல்' என்பது அதன் பொருள். பழைய ஆங்கில நாவல்களில் அது வரும் நானூற்றுப் பன்னிரண்டு இடங்களை மாமா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பிரபு சொல்கிறார், நீதிபதி சொல்கிறார், கப்பல் தலைவன் சொல்கிறான்.

"கவனிச்சியா? இதைச் சொல்றவன் எந்தக் கதையிலயும் ஓடினதில்ல. கேக்குறவன்தான் ஓடுறான்," என்பார் என்னிடம்.

"அப்ப நான் சொல்றேன், கடைக்குக் கிளம்புங்க," என்பார் அத்தை உள்ளிருந்து.

அந்தச் சொல் இடம்பெறும் கடிதத்துக்குச் சிவப்பு நாடா கட்டி, பதிவேட்டில் ஏற்றி, அன்றே முடித்துவிட வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு விதியை எழுதிக் கையொப்பமும் வாங்கியவர் மாமாதான். நாடா கட்டும் பொறுப்பு அவர் மேசைக்கே வந்தது.

பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் மாமா விலகல் கடிதம் கொடுப்பார். மேலாளர் அழைத்து, தேநீர் கொடுத்து, கடிதத்தைக் கிழித்துப் போடுவார். பதினான்கு ஆண்டுகள் இது தவறாமல் நடந்தது. பதினைந்தாம் ஆண்டில், தம்மிடம் வேலை பழகியவருக்கே உயர்வு போனதைக் கண்டு, 'தயவுகூர்ந்து' என்று கெஞ்சும் பழைய நடை போதாதென்று கருதிய மாமா, 'ஃபோர்த்வித்' விலகுவதாக எழுதினார். நகல் என்னிடம் இருக்கிறது; வாக்கியத்தில் குறையில்லை. சொந்தக் கடிதமென்றும் பாராமல் அதற்கு நாடாவும் கட்டினார்.

மேலாளர் அறைக்கு அவர் போனபோது வழக்கம்போல் தேநீர் இருந்தது.

"என்னங்க, நாடா கட்டிட்டீங்களே?"

"அந்தச் சொல் இருக்குங்களே, சார்."

"பதிவேட்டுல ஏறிடுச்சு. இனிமே நான் எப்படிக் கிழிக்கிறது?"

கிழிக்க முடியாதுதான் என்று, விதியை எழுதியவர் என்ற முறையில், மாமா ஒப்புக்கொண்டார். நாற்பது நிமிடத்தில் ஆணை கைக்கு வந்தது.

"வருஷா வருஷம் கிணத்தை எட்டிப் பாத்துட்டு வருவீங்க. இந்த வருஷம் குதிச்சாச்சு," என்றார் அத்தை. "அதே வார்த்தையைப் போட்டு வேலையைத் திருப்பிக் கேளுங்க."

மறுநாளே மனு கொடுத்தார். அச்சொல் இரண்டு இடங்களில் இருந்தது. ஒரு மாதம் பொறுத்து விசாரிக்கப் போனார்.

"உங்க மேசையிலதான் கிடக்கு," என்றார் மேலாளர். "நாடா கட்டாம நான் தொடக்கூடாது. கட்டுறதுக்கு இன்னும் ஆள் போடல."

மாமா அச்சகம் ஒன்றில் பிழை திருத்தப் போனார். அந்த மேசைக்கு ஒருவழியாக ஆள் வந்த அன்றே மனுவுக்கு நாடா கட்டப்பட்டது. அன்றே பதிலும் புறப்பட்டது. ஓய்வு வயதைக் கடந்துவிட்டமையால் மனு 'ஃபோர்த்வித்' நிராகரிக்கப்படுவதாக அதில் கண்டிருந்தது.

"என்ன எழுதியிருக்கான்?" என்று அத்தை கேட்டார்.

"நடை சரியாத்தான் இருக்கு," என்ற மாமா, நோட்டை எடுத்து அந்த இடத்தையும் குறித்துக்கொண்டார்.

மனுவுக்கும் பதிலுக்கும் இடையே சென்ற காலம்: பன்னிரண்டு ஆண்டுகள், மூன்று மாதங்கள்.