ஒன்பதாம் நம்பரின் இடது பூட்ஸ்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாற வேண்டாம். துபாயில் கால்பந்து கிளப் ஒன்றில் பதினெட்டு வருடமாகக் கிட் மேன் வேலை பார்க்கிறேன். இன்றைக்கும் மேனேஜர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவேன். "பூனை குறுக்கே வந்தாலும் அதுக்கு ஒரு சலாம் வச்சிட்டுத்தான் போவீங்க" என்பாள் என் மனைவி. அவள் ராமநாதபுரத்தில் இருந்துகொண்டே என்னை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

கிட் மேன் என்றால் ஜெர்சி, சாக்ஸ், பூட்ஸ் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. துவைப்பது, அடுக்குவது, பூட்ஸ் துடைப்பது, பூட்ஸின் அடியில் தரையைப் பிடிக்கும் குமிழ்களான ஸ்டட்டை மாற்றுவது. எங்கள் அறையில் எந்த ஆட்டக்காரருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று ஒன்பதாம் நம்பரைப் பற்றி எழுதுகிறேன்.

1. வந்த நாள்

ஒன்பது ஸ்பெயின்காரர். ஃபார்வர்ட். எங்களிடம் வரும்போது வயது முப்பத்துநான்கு. பெரிய ஆட்டக்காரர்கள் கிட் ரூமுக்குள் வருவதில்லை, பையை வாசலில் வீசிவிட்டுப் போவார்கள். இவர் முதல் நாளே எட்டு ஜோடி பூட்ஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு லாண்டரி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் இருவருக்கும் தெரிந்தது அரைகுறை இங்கிலீஷ். அதைத் தமிழாக்கி எழுதுகிறேன். "முத்து, என் பூட்ஸை நீ மட்டும்தான் தொடணும்" என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, உதறலாகவும் இருந்தது.

அதன்பின் பயிற்சி முடிந்தால் பாதி நாள் அந்தக் கூடையில்தான் இருப்பார். பதினாறு வயதில் வீட்டை விட்டு விடுதிக்குப் போனதைச் சொல்வார். இரண்டாம் டிவிஷனில் ஆடியது, லோன் என்று வேறு கிளப்புகளுக்கு இரவலாக ஊர் ஊராக அனுப்பியது, முதல் டிவிஷனில் நான்கு சீசன் கொடிகட்டிப் பறந்தது, பிறகு ஒரு கோச்சுக்குப் பிடிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு வருடம் போனது. எல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பெஞ்ச் கதை வரும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிடும்.

2. மூன்று பேட்

இரண்டாவது சீசனின் பாதியில் ஒரு நாள், "இடது பூட்ஸுக்குள்ள ஒரு ஹீல் பேட் வை" என்றார். குதிகாலைக் கொஞ்சம் உயர்த்தும் ரப்பர் துண்டு அது. வைத்தேன். இரண்டு வாரத்தில் இரண்டு பேட் கேட்டார். அடுத்து மூன்று.

பூட்ஸ் துடைப்பவனுக்கு ஆட்டக்காரரின் கால் தெரிந்துவிடும். வலது பூட்ஸில் முன் ஸ்டட் வழக்கம்போல் தேய்ந்திருந்தது. இடதில் தேயவே இல்லை. அதாவது மனிதர் இடது காலை ஊன்றி உந்துவதே இல்லை. ஓட்டம், குதிப்பு எல்லாம் ஒற்றைக் காலில் ஓட்டிக்கொண்டிருந்தார். மைதானத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு அனுபவசாலி.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு சாக்ஸை இறக்கிக் காட்டினார். குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நரம்பு வீங்கி விரல் கனத்துக்கு இருந்தது. நரம்பில்லை, அக்கிலிஸ் என்கிற தசைநார் என்று பிறகு டாக்டர் என்னைத் திருத்தினார். பூட்ஸின் பின்பக்கம் அதில் உரசக் கூடாதாம். அந்த இடத்தை வெட்டிவிடச் சொன்னார்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க சார்."

"அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். இப்ப காட்டினா கலாஸ், முடிஞ்சுது, வீட்டுக்குப் போ என்பாங்க. முத்து, எனக்கு முப்பத்தஞ்சு வயசு. பந்தைத் தவிர ஒண்ணும் தெரியாது. மறுநாள் காலையில எதுக்கு எழுந்திரிப்பேன்? யார்கிட்டயும் சொல்லாதே."

பேசிக்கொண்டே சாத்திய கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மைதானத்தில் முப்பதாயிரம் பேர் கத்தினாலும் திரும்பிப் பார்க்காத ஆள். நான் கத்தியை எடுத்து இடது பூட்ஸின் பின்பக்கத்தில் வி வடிவத்தில் வெட்டினேன். கறுப்பு டேப் ஒட்டி மறைத்தேன்.

லாண்டரி பார்க்கும் சிவநேசன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தவேயில்லை. "உமக்கென்ன விசரே? பேசாமல் இரும். அவை பெரிய ஆக்கள். கடைசியிலை உம்மைத்தான் பிளேனிலை ஏத்தி அனுப்புவினம்" என்றார். என் விசா கிளப் கையில். மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம். பேசாமல் இருந்தேன்.

3. டாக்டரின் கேள்வி

அடுத்த வாரம் கிளப் டாக்டர் கிட் ரூமுக்கு வந்தார். துனிசியாக்காரர், மெதுவாகப் பேசுவார். மேஜைமேல் ஒன்பதின் பூட்ஸ் இருந்தது. நல்ல வேளை, பின்பக்கம் என்னைப் பார்த்து இருந்தது.

"படி இறங்கும்போது அவர் நொண்டுறார். கேட்டா புது பூட்ஸ், கொப்புளம் என்கிறார். உண்மையா, முத்து?"

உண்மையைச் சொன்னால் ஒன்பது முடிந்தார். வெட்டியதைச் சொன்னால் நான் முடிந்தேன். டாக்டர் அவசரப்படுத்தவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பூட்ஸைத் திருப்பி வைத்தால் போதும், நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. என் கை பூட்ஸ்வரை போகவும் போனது.

"ஆமா டாக்டர், கொப்புளம்தான்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். நான் அந்தப் பூட்ஸை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் தள்ளி வைத்தேன்.

அதன்பின் ஆட்டம் வரை இருந்த நான்கு நாள் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கராமா பக்கம் நான் தங்கியிருந்த ரூமில் சோறு இறங்கவில்லை. மெட்ரோவில் யாராவது படியில் தடுக்கினால்கூட நின்று அவர் குதிகாலைப் பார்த்தேன்.

4. வெள்ளிக்கிழமை

சாயங்கால ஆட்டம். புழுக்கம் தாங்கவில்லை. நான் பெஞ்சுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில்களோடு நின்றேன். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள், நான் ஒரு காலைப் பார்த்தேன்.

முதல் பாதி தப்பித்தது. இடைவேளையில் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். இரண்டாம் பாதியில் அவருக்கு முன்னால் நீளமாக ஒரு பந்து விழுந்தது. கோல்கீப்பர் மட்டும்தான் பாக்கி. அத்தனை மாதமாக ஊன்றாத இடது காலை அப்போது ஊன்றினார். உள்ளே இருக்கிற ஆட்டக்காரன் சும்மா இருப்பானா.

பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் இடிக்கவும் இல்லை. முன்னே இரண்டடி எடுத்து வைத்து உட்கார்ந்துவிட்டார். யார் உதைத்தது என்று திரும்பிப் பார்த்தார். அக்கிலிஸ் அறுந்தால் பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலத்தான் இருக்குமாம். பின்னால் வெறும் புல்தான் இருந்தது.

5. ஆஸ்பத்திரி

மறுநாள் காலை அவருடைய சாமான்களைக் கொண்டுவரச் சொல்லி போன் வந்தது. பூட்ஸும் வேண்டும் என்றார் டாக்டர். வெட்டிய பூட்ஸைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு ஜோடி எடுத்துப் போகலாமா என்று நினைத்தேன். குப்பைத் தொட்டிவரை போனேன். அங்கேயும் தைரியம் இல்லை, எடுத்துக்கொண்டு போனேன்.

அறையில் டாக்டரும் மேனேஜரும் இருந்தார்கள். ஒன்பது காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார். டாக்டர் இடது பூட்ஸை எடுத்தார், டேப்பை உரித்தார், உள்ளே விரல் விட்டு மூன்று பேட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யார் வெட்டியது?" என்று மேனேஜர் கேட்டார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். டாக்டர் எடுத்து வைத்த பேட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

"நான்தான்" என்றார் ஒன்பது. "ரூமில் வைத்து நானே வெட்டினேன். முத்துவுக்குத் தெரியாது."

இரண்டாவது முறையும் நான் உண்மையைச் சொல்லவில்லை. வெட்டியது நான்தான். இத்தனை வருடம் கழித்து இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அவர்கள் வெளியே போனதும் கட்டிலருகே போய் நின்றேன். "மன்னிச்சிடுங்க சார்" என்றேன்.

"டாக்டர் சொல்றார், அப்பவே ஓய்வு எடுத்திருந்தா அறுந்திருக்காதாம். நாலஞ்சு மாசத்துல திரும்பி ஆடியிருக்கலாமாம்." கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இனிமே ஆட்டமே இல்லை."

"நீங்கதானே சார் சொல்ல வேண்டாம்னீங்க."

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நான் பயத்துல சொன்னேன், முத்து. நீ ஏன் அதைக் கேட்டே?"

விசுவாசம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது விசுவாசம் இல்லை, பயம். அவருக்கு வேலை போகிற பயம், எனக்கும் வேலை போகிற பயம். இரண்டு பயந்தவர்களாகச் சேர்ந்து ஒரு காலை அறுத்துவிட்டோம். அவர் ஊருக்குப் போனார். அதன்பின் எந்தக் கிளப்புக்கும் ஆடவில்லை.

போன வருடம் எங்கள் மூன்றாம் நம்பர், கானா நாட்டுக்காரர், ஹீல் பேட் கேட்டார். ஒன்று கொடுத்தேன். பத்து நாளில் இரண்டாவது கேட்டார். இடது பூட்ஸைத் திருப்பி ஸ்டட்டைப் பார்த்தேன், தேயவே இல்லை. "யார்கிட்டயும் சொல்லாதே பாய்" என்றார் அவரும். எனக்கு அதே பயம். கொஞ்சமும் குறையவில்லை. அந்தப் பயத்தோடேயே பூட்ஸை எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனேன்.

மூன்று மாதம் அவரை வெளியே உட்காரவைத்தார்கள். எல்லோர் முன்னாலும் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். இன்றுவரை என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. தினமும் பயிற்சிக்குப் போகும்போது என் கதவைத் தாண்டித்தான் போவார், என் பக்கம் திரும்பவே மாட்டார். நான் ஸ்டட்டைத் துடைத்துக்கொண்டே அவர் கால் சத்தத்தைக் கேட்பேன். இரண்டு காலும் ஒரே மாதிரி விழுகிறது.