கடற்கரைச் சாலையில் ஒரு பெஞ்சுக்கு அடியில்

முகப்பேரில் எங்கள் குடியிருப்பின் மூத்தோர் குழு புதுச்சேரிக்கு ஒருநாள் சுற்றுலா போவதென்று முடிவு செய்தபோது, திட்டம் போடும் வேலை என்னிடம் வந்தது. யார் போட்டாலும் நான் திருத்துவேன் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான். அரசு வாங்கும் பொருள்களைச் சோதித்து ஏற்கும் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன் நான். மின்விசிறியோ சாக்கடை மூடியோ, விதிப்படி இல்லாவிட்டால் வந்த லாரியிலேயே திரும்பிப் போகும். வேனில் ஏறிய பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். எந்த இடத்தில் எத்தனை நிமிடம், கழிப்பறை எங்கே, அடையாள அட்டை எங்கே கேட்பார்கள், எல்லாம் அதில் இருந்தது. திண்டிவனம் தாண்டுவதற்குள் ஒருவர் அதில் வடையை வைத்து எண்ணெய் பிழிந்துவிட்டார்.

எனக்குப் பின் இருக்கையில் தரைத்தளத்து வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் மோல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மணலில் அச்சு எடுத்து, உருக்கிய இரும்பை ஊற்றுகிற வேலை. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். வழியில் தென்பட்ட பாலத்தின் கைப்பிடி, கோயில் கேட், மில் சக்கரம் என்று எதைக் கண்டாலும், "இத்த நான் ஊத்துனேன் சார்" என்பார். வேன் முழுக்கச் சிரிக்கும்.

"அவ்ளோ ஊத்துனியே, உன் வாய்க்கு ஒரு மூடி ஊத்திக்கினு இருக்கலாம்ல?" என்றார் மனைவி. அதற்கும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

நான் எதையும் எளிதில் பாராட்டுகிறவன் அல்ல. 'ஏற்கத்தக்கது' என்பதற்கு மேல் எங்கள் அலுவலகத்தில் புகழ்ச்சியே கிடையாது. ஆனால் அந்த ஊரின் பழைய தெருக்களில் நடந்தபோது அந்தச் சொல் போதவில்லை. தெருக்கள் அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராகப் போகின்றன. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல் நிற்கிறது. மஞ்சள் சுவர்களுக்கு வெள்ளைக் கரை. யாரிடமும் அனுமதி வாங்காமல் மதிலைத் தாண்டி வந்து விழுந்திருக்கும் காகிதப் பூக்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வீடுகள், இந்தப் பக்கம் நம்மவர்கள் கட்டியவை. எது அழகு என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அடுத்த வீட்டுக்காரன் எப்படிக் கட்டியிருக்கிறான் என்று பார்த்துவிட்டுத் தன் வீட்டைக் கட்டியவர்கள் வாழ்ந்த ஊர். எங்கள் பகுதியில் இந்த வழக்கம் இல்லை.

பத்தரை மணிக்குக் கடற்கரைச் சாலை. தாளில் இருபது நிமிடம். கரும்பாறைகளில் அலை மோதிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் கொடியும் பூவும் படர்ந்த இரும்பு பெஞ்சுகள் வரிசையாக இருந்தன. நாங்கள் அமர்த்தியிருந்த உள்ளூர் வழிகாட்டி அவற்றில் ஒன்றின்மேல் கை வைத்தார். "இதெல்லாம் அந்தக் காலத்துல பிரான்ஸ்லேர்ந்து கப்பல்ல வந்தது. இந்த வேலைப்பாடு நம்ம ஊர் ஆளுங்களுக்கு வராது."

"இல்ல நைனா," என்றார் தரைத்தளத்துக்காரர். "இது நான் ஊத்துனது."

வேனில் சிரித்ததைவிடப் பலமாகச் சிரித்தார்கள். வழிகாட்டியும் சேர்ந்துகொண்டார். தரைத்தளத்துக்காரரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா இருய்யா. வெளியூருக்கு வந்து மானத்த வாங்காத," என்று சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணவரின் முகம் மாறியது. என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "நாப்பது வருசமா கருப்பு மண்ணோட ஊட்டுக்குப் போனேன் சார். அவ தோச்சுத் தோச்சுப் போட்டா. இன்னா செஞ்சேன்னு அவளுக்குக் காட்டறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. இது ஒண்ணு கீது, அதையும் நம்ப மாட்டேன்றா."

"எந்த ஊருக்குப் போகிறதென்று அப்போது தெரியாதா?"

"யாரு சொன்னா? லாரில ஏத்துனோம், போச்சு."

"அடையாளம் ஏதாவது?"

இருந்தது. ஃபவுண்டரியில் மோல்டர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதை மணலில் அழுத்திவிட்டுத்தான் இரும்பை ஊற்றுவார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். வார்ப்பில் குறை வந்தால் ஆளைப் பிடிப்பதற்கான எண் அது. அதை வைத்து நானே எத்தனையோ பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். வார்ப்பு நன்றாக வந்தால் அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

"என்து நாப்பத்தேழு. இந்த பெஞ்சு ஊத்துன வாரம் பார்த்து நம்பர் அச்சு தொலைஞ்சு போச்சு. ஆணியால எழுதுனேன். மண்ணுல திருப்பி எழுதணும், மறந்துட்டு நேரா எழுதிட்டேன். இரும்புல திரும்பிக்கினு வந்துச்சு. ஃபோர்மேன் டீ டைம் வரைக்கும் திட்டுனாரு. அடியில தானே, போவட்டும்னு உட்டுட்டாரு. காலுக்கு உள்பக்கம் பாருங்க."

அவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, குனிய முடியாது. மற்றவர்கள் கைப்பேசியில் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாளின்படி ஆறு நிமிடம் மீதி. அந்தத் தாளையே தரையில் விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து, பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டேன்.

"சாருக்கு மயக்கம்!" என்று யாரோ கத்தினார்கள். என் கால்மேல் தண்ணீர் தெளிக்கப்பட்டது. மயக்கம் எனக்குக் காலில் வந்திருப்பதாக நினைத்திருக்க வேண்டும்.

முதல் காலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் பச்சைப் பெயிண்ட் பல பூச்சு ஏறித் தடித்திருந்தது. விரலால் தடவினேன். முதலில் ஏழு, முதுகைக் காட்டிக்கொண்டு. அடுத்து நான்கு, அதுவும் அப்படியே. பக்கத்தில் ஓட்டையோ விரிசலோ இருக்கிறதா என்று பழக்கத்தில் தேடினேன். இல்லை. இத்தனை வருட உப்புக்காற்றிலும் இல்லை.

அவர் மனைவி குனிந்து என்னைப் பார்த்தார். "சார், நீங்க பொய் சொல்ல மாட்டீங்கோ. இன்னா கீது?"

படுத்தபடியே அலுவலகக் குரலில் சொன்னேன்: "எண் நாற்பத்தேழு. இடவலம் மாறியிருக்கிறது. வார்ப்பில் குறை எதுவும் இல்லை." அதோடு நிறுத்தியிருக்கலாம். "முதல் தரம்," என்றேன். எங்கள் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, உள்ளே கையை விட்டார். நான் அவர் விரலைப் பிடித்து எண்ணின்மேல் வைத்தேன். நெடுநேரம் அவர் கையை எடுக்கவில்லை. பிறகு எழுந்து பெஞ்சை முந்தானையால் துடைத்து, நடுவில் உட்கார்ந்தார். "நின்னுக்கினே கீறியே, உக்காருய்யா. நீ செஞ்சதுதானே."

வழிகாட்டி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மணலில் எப்படி அச்சு எடுப்பது என்று அவரிடம் கேட்க ஆரம்பித்தார். பதினொரு மணிக்குப் பழைய கலங்கரை விளக்கம் என்று தாளில் இருந்தது. தாள் என் முதுகில் ஒட்டியிருந்தது, நான் எடுக்கவில்லை.

சற்று நேரத்தில் ஓர் இளம் தம்பதி உட்கார இடம் தேடிக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மா கணவரை இடித்து நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்கோ," என்றார். "எங்க ஊட்டுக்காரரு ஊத்துனது. கெட்டியா கீது."